சமீருல்லா பாய் தடவிய கிரீஸ்

ஆம்பூரில் சமீருல்லா பாயின் கைப்பலத்தைப் பற்றிப் பல கதைகள் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தோல் மண்டியில் ஒரு வேனின் ஸ்பார்க் பிளக் இறுகிப்போய்விட்டது. மண்டி ஆட்கள் மாறி மாறி முறுக்கியும் அசையவில்லை. சமீருல்லா பாய் வந்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். ஸ்பேனரை மாட்டி ஒரே திருகு. பிளக் நின்ற இடத்திலேயே நின்றது. வேன்தான் பிளக்கைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து நின்றது. நம்பாதவர்கள் மண்டிக்குப் போய்க் கேட்கலாம். சக்கரம் தேய்ந்த தடம் தரையில் இன்னும் இருக்கிறது என்று அங்கே ஒருவராவது சத்தியம் செய்வார், ஏனென்றால் அந்தத் தடத்தை நான் முன்கூட்டியே அவருக்குக் காட்டி வைத்திருக்கிறேன்.

சிரிப்பதற்கு இருந்தது அவ்வளவுதான். இனி வருவதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தால் முடிவை மாற்றியிருப்பேன்.

பாயின் பட்டறை பைபாஸ் ரோட்டை ஒட்டி, ஒரு ஷூ கம்பெனியின் பின்சுவரில் சாய்ந்தாற்போல் நிற்கும் தகரக்கொட்டகை. ஆள் ஒல்லி. ஐம்பதைத் தாண்டியவர், தாடியில் மருதாணிச் சிவப்பு. எதை முறுக்கினாலும் முதலில் கிரீஸ் தடவுவார். கதவுக் கீல், வீட்டு மிக்ஸியின் திருகு, பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்து கைகால் கழுவுகிற குழாய் எல்லாவற்றிலும் அவர் விரல் பட்டிருக்கும். ஊர் அவருக்கு வைத்த பெயர் கிரீஸ் பாய். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் உலோகத்துக்கு ஆயுசு கம்மி. தோல் பதனிடுகிற டேனரிகளின் காற்றில் வெள்ளிக் கொலுசு ஒரு பண்டிகைக்கும் அடுத்த பண்டிகைக்கும் நடுவில் கறுத்துவிடும். அதைவிட மோசம் உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பை வாரிப் போட்டு அடுக்குவார்கள். அந்தத் தோலை ஏற்றுகிற வேன்களில் இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். தோலிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் தரை இடுக்கு வழியாக இறங்கி, இன்ஜினில் பிளக் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பூத்துவிடும். அப்புறம் கழற்றப் போனால் பிளக் வராது, அதன் தலை மட்டும் உடைந்து கையோடு வரும். பிளக்கின் மரையில், அதாவது திருகுச் சுற்றில், பாய் தடவுகிற கிரீஸ்தான் அதற்கு மருந்து. அவர் மாட்டிய பிளக் எப்போது கழற்றினாலும் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வரும். அது பொய்யில்லை.

பக்ரீத் வந்தால் இது இன்னும் ஜாஸ்தி. குர்பானி கொடுத்த ஆடுகளின் தோல் வெயிலில் கெடுவதற்குள் உப்புக்குப் போயாக வேண்டும். மண்டியில் இருக்கிற வண்டிகள் போதாது. அதனால் காய்கறி வேன், கல்யாண வேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் எல்லாமே சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருத்தெருவாகத் தோல் அள்ளப் போய்விடும். பண்டிகை முடிந்ததும் பினாயில் ஊற்றிக் கழுவி, ஊதுவத்தி கொளுத்தி, சீட்டைத் திரும்ப மாட்டுவார்கள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். அந்த வாரம் முழுக்கப் பாயின் பட்டறை வாசலில் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். பிளக்கைக் கழற்றி, உப்பைச் சுரண்டி, கிரீஸ் தடவி, திரும்ப முறுக்க வேண்டும்.

அப்படி ஒரு பக்ரீத்துக்கு மறுநாள் பாயின் வீட்டில் விருந்து. மனைவி அஃப்ஸர் ஜஹான் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி நவீத் வந்திருந்தான். வேலூரில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை. அக்கா புருஷனை அவர்கள் வீடுகளில் தூலாபாய் என்று கூப்பிடுவார்கள். பேச்சு நடந்தது உருதுவில். நான் தமிழில் சொல்கிறேன்.

"தூலாபாய், கோவிச்சுக்காதீங்க. பிளக்கு மரைக்கு கிரீஸ் போடாதீங்க. புது பிளக்குல துரு புடிக்காம ஒரு பூச்சு ஏற்கெனவே இருக்குது."

"உங்க கம்பெனிக்கு வர்ற கார்ல சென்ட் அடிச்ச அம்மா ஏறுவாங்க, நாய்க்குட்டி ஏறும். ஆட்டுத்தோல் ஏறுமா?"

"ஏறாது."

"அப்ப வாய மூடிக்கினு பிரியாணி துண்ணு."

நவீத் தட்டைப் பார்த்துக்கொண்டே விடாமல் பேசினான். "உப்பு புடிக்கும்னு நீங்க சொல்றது நிஜம். இல்லன்னு சொல்லல. ஆனா கிரீஸ் போட்டா மரை வழுக்கும். வறண்ட மரையில உங்க கை போதும்னு நிறுத்தற எடம் ஒண்ணு. கிரீஸ் போட்ட மரையில அதே பலத்துல முறுக்கினா பிளக்கு இன்னும் உள்ள போய்க்கினே இருக்கும். உங்க கைக்கு அது தெரியாது."

"என் கைக்குத் தெரியாதா?"

"நீங்க கை பழகினது அம்பாசடர்ல. அதுல இன்ஜின் ஹெட்டு இரும்பு, தாங்கும். இந்த வேனெல்லாம் அலுமினியம். உள்ள மரை இழுபட்டுப் போயிடும். அப்புறம் ஒருநாள் பிளக்கு அந்த மரையயும் பிச்சிக்கினு வெளிய வந்துடும். போட்டே ஆவணும்னா லேசா ஒரு தடவு, முறுக்கறத கம்மி பண்ணுங்க. அளவு பாத்து நிக்கிற ஸ்பேனர் இருக்குது, நான் வாங்கித் தர்றேன்."

"இத்தன வருஷத்துல நான் மாட்டின பிளக்கு ஒண்ணு, ஒரே ஒண்ணு, வெளிய வந்திருக்குதா? சொல்லு."

"இன்னும் வரல."

அஃப்ஸர் ஜஹான் தம்பியின் தட்டில் ஒரு கரண்டி சோற்றைத் தட்டி வைத்தாள். "சாப்பிடற எடத்துல பிளக்கு பேச்சு இன்னாத்துக்குடா? அவரு கை ஊருக்கே தெரியும். நீ கம்மியாப் பேசு."

மறுநாள் காலை பட்டறைக்கு இரண்டு வேன்கள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒன்றை ஓட்டி வந்தவன் பூவரசன், தோல் மண்டியின் டிரைவர். மற்றதை ஓட்டி வந்தவள் அவன் மனைவி மோகனா. அது அவளுடைய சொந்த வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது. பூவரசனும் பாயும் இருபது வருடத் தோஸ்துகள். ஒருவர் டீயை மற்றவர் பாதி குடித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"இன்னா பாய், மூஞ்சி உப்புத்தோல் மாதிரி சுருங்கியிருக்குது?"

"என் மச்சான் நேத்து எனக்கு பிளக்கு மாட்டக் கத்துக் குடுத்துட்டுப் போய்ட்டான்."

"அடடே! அப்ப இத்தன நாளா நீ மாட்டினது இன்னா? பூட்டா?"

"நல்லா முறுக்காதீங்க தூலாபாய்ன்றான். மரை வலிக்குமாம் அதுக்கு."

மோகனா சிரித்தாள். "சிரிப்பெல்லாம் அப்புறம் பாய். வண்டிய இன்னும் ரெண்டு தரம் கழுவணும். புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க."

பாய் பிளக்குகளைக் கழற்றினார், துடைத்தார். வழக்கத்தைவிடத் தாராளமாகக் கிரீஸ் தடவினார். ஒவ்வொன்றையும் எப்போதும்போல் முறுக்கி நிறுத்தியபின், ஸ்பேனரை எடுக்காமல், "இது நவீதுக்கு" என்று சொல்லி இன்னொரு இழுப்பு இழுத்தார். பூவரசன் கை தட்டினான். மோகனா வண்டியின் கடைசிப் பிளக் வரும்போது அவளே, "நவீதுக்கு உண்டா பாய்?" என்று கேட்டாள். "இல்லாமயா?" என்று அதற்கும் ஒரு இழுப்பு.

சில வாரம் கழித்து, மத்தியான வெயிலில், பூவரசன் மண்டி வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் புறப்பட்டான். மாதனூருக்குச் சற்று முன்னால் ஒரு பீடியைப் பற்றவைத்தான். இரண்டு இழுப்பு இழுத்திருப்பான். சீட்டுக்கு அடியில் வெடி வைத்தாற்போல் ஒரு சத்தம். என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் இடது காலின் மேல் நெருப்பு. வண்டி ஓரமாய் ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் மணலும் நனைந்த சாக்குமாக ஓடி வந்து அவனை இழுத்துப் போட்டார்கள். வேன் எரிந்து வெறும் கூடாகிவிட்டது.

வண்டிக்குள் பீடி, காலில் தீ. இதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. மண்டி முதலாளி அப்படியே போலீஸில் சொன்னார். பூவரசனும் அப்படியே சொன்னான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் இடது கால் இடுப்புவரைக்கும், இடது கையும் கட்டுப்போட்டுக் கிடந்தான். சமீருல்லா பாய் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். வலது தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்து இடது காலில் ஒட்டப்போகிறார்கள் என்று மோகனா சொன்னாள்.

"கேட்டியா பாய்," என்றான் பூவரசன். "ஜில்லாவுல இருக்கற ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் மொத்தமும் ஏத்தினேன். எனக்குன்னு வந்தப்ப ஒரு சாண் தோலுக்குப் பஞ்சம். என் காலே என் காலுக்கு குடுக்குது."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். அவள் போனதும் அவன் முகம் கோணியது. "மொதலாளி வண்டிய எரிச்சிட்டேன் பாய். சரக்கும் போச்சி. ஒரு பீடிக்கு. மோகனா எத்தன வாட்டி சொல்லியிருப்பா, வண்டில புடிக்காதன்னு. நானே என்ன எரிச்சிக்கினேன்."

பாய் அவன் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் மண்டியின் பின்பக்கம் போனார். எரிந்த வேனை அங்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். எதற்காகப் போனார் என்று அவரால் பிற்பாடும் சொல்ல முடியவில்லை. சீட்டு இருந்த இடத்தில் வெறும் கம்பி. அதை ஒதுக்கிவிட்டு உள்ளே பார்த்தார். மூன்று பிளக்கில் இரண்டு அதனதன் இடத்தில் இருந்தன. நடுத்துளை காலி. அந்தப் பிளக் கருகின வயர் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மரையைச் சுற்றி, இடியாப்ப அச்சிலிருந்து இறங்கினாற்போல், வெள்ளையாய் ஒரு சுருள். இன்ஜினின் மரை. நவீத் சொன்னபடியே பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. சுருளின் இடுக்கெல்லாம் கருகிய கிரீஸ்.

பிளக் பறந்த துளை வழியாகப் பெட்ரோல் ஆவி சீறியிருக்கிறது. வயரில் தொங்கிய பிளக் அப்போதும் பொறி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பீடி பாவம், அது பூவரசனின் விரலிடுக்கில் சும்மா இருந்தது.

பாய் அந்தப் பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபடி இருந்தார். பூவரசன் பீடியை நினைத்து அழுவான். பாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கண்ணைத் துடைத்துவிடுவார். பிளக் சட்டைப்பையிலேயே இருக்கும். ஒருநாள் துவைக்க எடுத்தபோது அஃப்ஸர் ஜஹான் அதைப் பார்த்தாள். மெக்கானிக்கின் மனைவிக்கு அந்தச் சுருள் என்னவென்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு."

"அப்ப இதோட விடுங்க. பீடின்னு போலீசே எழுதிட்டாங்க. பூவரசனும் ஒத்துக்கினான். நீங்க போய் சொன்னா கால் தோல் திரும்பி வந்துடுமா?"

"மோகனா வண்டிலயும் நான்தான் முறுக்கினேன். அதே நாள். அதே மாதிரி."

அவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அந்த வண்டிதான் நிக்குதே. அவ ஆஸ்பத்திரியில இல்ல இருக்கறா?"

"புள்ளைங்கள பெத்தவங்க எல்லாம் கேக்கறாங்களாம். திங்கக்கிழமையில இருந்து எடுக்கறா."

அப்புறம் அஃப்ஸர் ஜஹான் பிளக்கை அவர் கையில் திரும்பக் கொடுத்துச் சொன்னாள்: "நின்ன வண்டி, ஒருவாட்டி பாத்துத் தர்றேன்னு சொல்லுங்க. சரி பண்ணிட்டு வந்துடுங்க. புள்ளைங்களும் பத்திரம், நம்மளும் பத்திரம். காரணம் இன்னாத்துக்கு சொல்லணும்?"

அதில் ஒரு குறையும் பாய்க்குத் தெரியவில்லை. கெட்டுப்போன மரைக்குப் பதிலாகத் துளையில் இறக்குகிற, உள்ளே மரை போட்ட எஃகுப் புஷ் எடுத்துக்கொண்டார். துளை போடுகிற சாமானை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பாலாற்றுப் பக்கம் மோகனாவின் வீட்டுக்குப் போனார்.

அவளுடைய அக்கா சௌந்தரம் சோளிங்கரிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் இருந்ததால், மோகனா துணி துவைக்க வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இன்னா பாய், கூப்புடாமயே வந்திருக்கீங்க?"

"வண்டி நின்னுக்கினே இருக்குதே. பிளக்கு ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு."

"பக்ரீத்துக்குத்தான பாத்தீங்க?"

"பாத்தேன்."

"அதுக்குள்ள உப்பு புடிச்சிடுமா?"

"சும்மா ஒருவாட்டி."

அவளுக்கு இருந்த அலுப்பில் அதற்குமேல் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுக் கொடியில் துணி போடப் போனாள்.

பாய் சீட்டைத் தூக்கினார். முதல் பிளக் வெண்ணெயாய் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது சுற்றியது. இறுகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தது. மெதுவாக மேலே இழுத்தபோது வந்துவிட்டது. வெள்ளையாய், அதே சுருள். திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் அழுத்தினால் போதும், அது கிளம்பியிருக்கும்.

மோகனா முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். புஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுருளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, துளையைப் பெரிதாக்கிப் புஷ்ஷை இறக்கினால் வேலை முடிந்தது. அவள் டீ போட்டுக் கொடுத்திருப்பாள். அவர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"மோகனா. இங்க வாம்மா."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் கால் வைக்கிற இடத்தில் பாய் பிளக்கை வைத்தார். சட்டைப்பையிலிருந்து மற்றதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது உன் வண்டிது. இப்ப எடுத்தது."

"இது?"

"பூவு வண்டிது."

மோகனாவும் டிரைவர்தான். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். கருகிய சுருளை நகத்தால் தட்டினாள்.

"அப்ப பீடி?"

"பீடி ஒண்ணும் பண்ணல. பிளக்கு பிச்சிக்கினு வந்துதான் தீ. நான் போட்ட கிரீஸு. நான் முறுக்கின முறுக்கு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வண்டியப் பாத்த அன்னிக்கே."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் வீட்டைப் பூட்டினாள். "எங்கிட்ட சொல்லி இன்னா? அவருகிட்ட சொல்லுங்க, வாங்க" என்றாள். வேலூர் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் கடைசி சீட்டில். இரண்டு பிளக்கும் அவள் கையில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் பாய் நின்றுகொண்டே சொன்னார். பூவரசனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையணையிலிருந்து எழப் பார்த்தான்.

"பீடி இல்லியா?"

"இல்ல பூவு."

"நெசமா பீடி இல்லியா? மோகனா, கேட்டியா, பீடி இல்லியாம்!"

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவன் அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமும் சொன்னான், பீடி இல்லையாம் என்று. பிறகு சிரிப்பு நின்றது.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

பாய் சொன்னார்.

"அதுக்கு அப்புறமும் நீ வந்தியே. நான் அழுதப்ப இந்த ஸ்டூல்லதான உக்காந்திருந்த? கண்ணெல்லாம் தொடச்சி விட்டியே பாய்."

பாய் தலையசைத்தார்.

"முறுக்கினது கெடக்கட்டும். நானும்தான் கை தட்டினேன்," என்றான் பூவரசன். "இது இன்னா பாய்? என்ன ஏன் அழ வுட்ட?" சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "மோகனா, பாய அனுப்பிடு."

அதன்பின் அவன் பாயைப் பார்க்கவில்லை. ஒட்டிய தோல் பிடிக்கவில்லை. காலில் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, அது இரத்தத்தில் ஏறிவிட்டது. மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்விட்டான். சொந்தக்காரர்கள் விறகுக்கு ஏற்பாடு செய்தபோது, ஒருமுறை எரிந்தது போதும் என்று மோகனா சொல்லிவிட்டாள். புதைத்தார்கள். சமீருல்லா பாய் ரோட்டின் அந்தப் பக்கம் நின்றார். யாரும் வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பாய் மண்டிக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னார். முதலாளி அவர் தோளில் கை வைத்து, "துக்கத்துல பேசறீங்க பாய். போனவன் போய்ட்டான், பீடியாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பாய் விடவில்லை. மோகனாவின் வண்டிக்கு முதலில் புஷ் இறக்கிவிட்டு, தான் பிளக் மாட்டிய ஒவ்வொரு வேனையும் தேடிப் போனார். சும்மா பார்த்துத் தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம் என்றார். சிலர் சீட்டைத் தூக்க விட்டார்கள். அவற்றில் சிலதில் மரை இழுபட்டிருந்தது. புஷ் இறக்கிக் கொடுத்தார். பலர் விடவில்லை.

"நல்லா ஓடற வண்டிய ஏன் பாய் நோண்டறீங்க?"

"மரை போயிருக்கும்பா. நான் ஜாஸ்தி முறுக்கிட்டேன்."

"போவலயே, ஓடுதே. சரி, பாக்கறதுன்னா பாருங்க, ஆனா கிரீஸ் போட்டுக் குடுங்க."

"கிரீஸ் போட மாட்டேன்."

"கிரீஸ் போடாம நீங்க இன்னா மெக்கானிக்கு?"

மரை கழன்றது வேனுக்கு இல்லை, பாய்க்குத்தான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். பைபாஸின் எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு பட்டறை வந்தது. அதன் போர்டில், பிளக்குக்குக் கிரீஸ் போட்டுத் தரப்படும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். வரிசை அங்கே போய்விட்டது. அடுத்த பக்ரீத்துக்குச் சமீருல்லா பாயின் வாசலில் ஆடு மேய்ந்தது. நான் கதை அளக்கவில்லை, நிஜ ஆடு, குர்பானிக்குத் தப்பியது.

நவீத் ஒருமுறை வந்தான். அன்றைக்குச் சொன்னேனே என்று சொல்லவில்லை. அளவு பார்த்து நிற்கிற ஸ்பேனரைக் கொடுத்துவிட்டுப் போனான். சரியான இறுக்கம் வந்ததும் அது டிக்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். பாய் முதல் தடவை அதை மாட்டித் திருகியபோது, சத்தம் கேட்டுக் கையை எடுத்துவிட்டார். அவர் கை இன்னும் முறுக்க ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் போதும் என்கிறது. பட்டறையில் தனியாக உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அஃப்ஸர் ஜஹான் சொன்னாள். கிரீஸ் இல்லாவிட்டால் உப்பு பிடிக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிடிக்கும். அதற்குப் பிளக்கை மாதாமாதம் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை ஊரில் யாருக்கு இருக்கிறது?

ஒருத்திக்கு இருந்தது. பூவரசன் இறந்த மாதமே மோகனா பள்ளிக்கூட வண்டியை எடுத்துவிட்டாள். எடுக்காமல் என்ன செய்வாள்? அவள் வண்டி பாயின் வாசலில் வந்து நின்றபோது, எதிர்ப்பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். புருஷனைக் கொன்றவனிடமே போகிறாயே என்று சௌந்தரம் சண்டை போட்டாள். மோகனா சொன்னது இவ்வளவுதான்: "மத்தவனுங்க கைக்கு இன்னும் பயம் வரலக்கா. இந்தக் கைக்கு வந்துடுச்சி."

அவரிடம் அவள் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நாளோடு சரி. விடியற்காலை, பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன்னால் வருவாள். வண்டியை நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டுவாள். அவர் சீட்டைத் தூக்குவார். மூன்று பிளக்கையும் கழற்றுவார், துடைப்பார், கையாலேயே முக்கால்வாசி இறக்கிவிட்டுப் பிறகு ஸ்பேனரைப் போடுவார். மூன்று டிக். அவள் ஒவ்வொரு டிக்கையும் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவர் சீட்டைத் திரும்ப இறக்குவார்.

அப்புறம் அவள் டிரைவர் பக்கம் ஏறி, உள்ளிருந்தே மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிடுவாள். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. அவள் சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினாள். பிளக்குகளுக்கு நேர் மேலே இருக்கிற சீட்டு. ஏறி உட்கார்ந்தார்.

வண்டியைப் பைபாஸில் ஏற்றினாள். மாதனூர் வரைக்கும் வண்டி எவ்வளவு வேகம் தாங்குமோ அவ்வளவு வேகம், மேட்டில் இன்னும் அழுத்தி. சீட்டின் ரெக்சின் வழியாக இன்ஜின் சூடு அவர் தொடைக்கு ஏறியது. அவர் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் புளியமரத்துக்கிட்டே அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. மாதனூரில் திருப்பிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். அவர் இறங்கியபின் கையை நீட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றப் போனாள்.

மாதாமாதம் இது நடக்கிறது. அவளும் கூப்பிடுவதில்லை, அவரும் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் அவரே போய் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்.